ஸ்மோல் பெனிபிட்

பாரிஸில் பதினாறு வருடம் இருந்தவனுக்கு இங்கிலீஷ் தனியாகப் படிக்கவேண்டிய பாஷை அல்ல என்பது சற்குணத்தின் கொள்கை. பிரெஞ்சுக்காரன் ஒரு சொல்லை முழுதாக எழுதுவான், வாசிக்கும்போது கடைசி எழுத்தை விழுங்கிவிடுவான். இங்கிலீஷ்காரன் அதே சொல்லை எடுத்து, விழுங்கிய எழுத்தை வெளியே கக்க வைத்துவிட்டு, தன்னுடைய சொல் என்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம். அதிலும் பணங்காசு பற்றிய சொற்கள் என்றால் கேட்கவே வேண்டாம். 'கிரெடி' என்றால் கிரெடிட். 'தெபி' என்றால் டெபிட். 'பூட்ஜே' என்றால் பட்ஜெட்.

"வாயை முழுசாத் திறந்து சொல்லுங்கோ, இங்கிலீஷ் தானா வந்திடும்" என்று ரெய்னர்ஸ் லேனில் கண்டவர்களுக்கெல்லாம் இலவச ஆலோசனை வழங்கினார். இத்தனைக்கும் அவர் லண்டனுக்கு வந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பாரிஸ் லா ஷப்பேலில் அவருக்கு 'பிரெஞ்சு சற்குணம்' என்று பெயர். அங்கே சிறியதாக ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார். மகள் ஆரணி இங்கிலீஷில் படிக்கவேண்டும் என்பதற்காக, லா ஷப்பேலில் பாதிப் பேர் செய்ததைத்தான் அவரும் செய்தார். கடையை விற்றார், கடலைக் கடந்தார், விற்ற காசை லண்டன் வாடகைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னக் கொடுத்தார்.

மனைவி கமலேஸ்வரிக்கு ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் விமானச் சாப்பாடு அடுக்கும் இடத்தில் வேலை. விடியமுன் இரண்டு பஸ் மாறி ஹவுன்ஸ்லோ பக்கம் போவாள். சாப்பாடு பழுதாகாமலிருக்க அந்த அறையை எந்நேரமும் குளிராக வைத்திருப்பார்கள். சாப்பாடு பழுதாகவில்லை, கமலேஸ்வரியின் விரல்கள்தான் பழுதாகின. ஷிப்ட் முடிந்து வந்தால் சட்டைப் பொத்தானைக் கழற்றக்கூட மகளைக் கூப்பிடவேண்டியிருந்தது.

"எனக்குப் பெரிசா ஒண்டும் வேண்டாம்" என்றாள் ஒருநாள். "ஒரு கடை, உள்ளுக்க ஒரு ஹீட்டர். அதுக்குப் பக்கத்தில ஒரு கதிரை போட்டு இருந்து காசு வாங்கிப் போடுவன். எனக்கு அவ்வளவும் காணும்."

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சண்முகராசா என்பவரின் கடை ஒன்று சும்மா கிடந்தது. அவரும் ஊர் ஆள்தான். "செப்டெம்பர் முடியும் மட்டும் உங்களுக்காக வச்சிருப்பன் தம்பி" என்றார். "அதுக்கு மேல ஏலாது. நோர்பரிக்காரன் ஒருத்தன் கேட்டுக்கொண்டே நிக்கிறான்."

ஆகவே சற்குணம் கோட்டுப் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனார். வங்கியின் பெயரைச் சொல்லிப் பயனில்லை, இன்றைக்கு அந்தப் பெயரில் ஒரு வங்கி கிடையாது.

மனேஜர் பிளன்கெட் நல்ல மனிதர். ஹீட்டருக்குப் பக்கத்தில், சுழலும் தோல் கதிரையில் சாய்ந்திருந்து, சிரித்த முகமாகத்தான் கேட்டார். "உங்கள் கடை முதல் வருடத்தில் எப்படி இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?"

இந்தக் கேள்விக்குச் சற்குணம் வழி நெடுகத் தயார்செய்துகொண்டு வந்திருந்தார். வியாபாரத்தில் வரும் இலாபத்துக்குப் பிரெஞ்சில் 'பெனிஃபிஸ்' என்று சொல்வார்கள். தன் கொள்கைப்படி அதை இங்கிலீஷாக்கினார்.

"ஃபர்ஸ்ட் இயர், ஸ்மோல் பெனிபிட். செக்கண்ட் இயர், பிக் பெனிபிட். தேர்ட் இயர், மை வைஃப் ஆல்ஸோ பெனிபிட்."

பிளன்கெட்டின் சிரிப்பு பாதியில் நின்றது. "பாரிஸில் எப்படி?"

"பாரிஸ், சிக்ஸ்டீன் இயர்ஸ், எவ்ரி இயர் பெனிபிட்! மை ஃபாதர் ஆல்ஸோ பெனிபிட் மேன். மை டோட்டர், ஐ டீச் ஹர்."

இந்த நாட்டில் பெனிபிட் என்றால் வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவிப்பணம். ரெய்னர்ஸ் லேனில் அது தெரியாத தமிழர் சற்குணம் ஒருவர்தான். "நான் இப்ப பெனிபிட்டில இருக்கிறன்" என்று யாரும் சொன்னால், இந்த மந்தமான காலத்திலும் இவ்வளவு பேர் இலாபத்தில் ஓடுகிறார்களே என்று அவர் பொறாமைப்பட்டிருக்கிறார். இரண்டு பேருக்குக் கைகொடுத்து வாழ்த்தியும் இருக்கிறார்.

பிளன்கெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிஸ்டர் சற்குணம், உங்கள் நேர்மை என்னைத் தொட்டுவிட்டது. ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். பிறருடைய பணத்தை ஆபத்தில் விடுவதற்கு முன்னால், அந்த ஆபத்தைக் கௌரவமான சொற்களில் விவரிக்க வாடிக்கையாளருக்குத் தெரிந்திருக்கவேண்டும். பணம் திரும்பி வருகிறதா என்பது அடுத்த விஷயம்."

அதற்கென்றே வங்கி ஒரு நிதிமொழி நிலையம் நடத்தியது. லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கட்டடம். பன்னிரண்டு வாரப் பயிற்சி. சான்றிதழ் வந்தால்தான் கடன். கட்டணம் ஆளை விழுங்கும், ஆனால் பெனிபிட்டில் இருப்பவர்களுக்கு முழுக்க இலவசம் என்று சொல்லி, பிளன்கெட் தன் கையாலேயே அந்தக் கட்டத்தில் சரி போட்டார்.

'இலாபத்தில் இருக்கிறவனுக்கு இலவசப் படிப்பு! வியாபாரிக்கு இந்த நாட்டில் என்ன மரியாதை!' என்று நெஞ்சு நிறைந்து வீடு வந்தார் சற்குணம்.

வகுப்பை நடத்தியவர் டாக்டர் கிரிம்ஷோ. பாடம் தொடங்கமுன் எல்லோரும் எழுந்து நிற்கவேண்டும். அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லவேண்டும்.

"இங்கே கற்கும் சொற்களின் பெறுமதி ஏறவும் கூடும், இறங்கவும் கூடும். ஒரு சொல்லின் கடந்தகால அர்த்தம் அதன் எதிர்கால அர்த்தத்துக்கு உத்தரவாதம் ஆகாது."

பிறகு உட்காரலாம்.

சற்குணத்துக்குப் பக்கத்தில் கத்தரின் என்றொரு பிரெஞ்சுக்காரி இருந்தாள். லியோனிலிருந்து வந்தவள், லண்டனில் பாண் சுட்டு விற்கும் கடை போட ஆசை. அவளுக்கும் சற்குணத்தின் அதே கொள்கை, ஆகவே அதே சீரழிவு. கிரிம்ஷோ 'ஷேர்' என்று முழங்கியபோது அவள் முகம் சிவந்தது, பிரெஞ்சுக் காதுக்கு அது 'அன்பே' என்று கேட்கும். கடன் பத்திரத்துக்கான 'பாண்ட்' என்பது பிரெஞ்சில் துள்ளல். 'துள்ளல்: ஆபத்தே இல்லாத முதலீடு' என்று இருவரும் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள். வீட்டுக் கடனுக்கான 'மோர்ட்கேஜ்' வந்த அன்றைக்குக் கத்தரின் முழங்கையால் இடித்தாள். "மோர், காஜ். செத்த அடமானம்!" என்று பிரெஞ்சில் கிசுகிசுத்தாள். சற்குணம் கையைத் தூக்கி அதை வகுப்பில் கேட்டும் விட்டார்.

"அருமையான கேள்வி" என்றார் கிரிம்ஷோ. "ஆனால் சொற்களைப் பிரித்துப் பார்ப்பதை இந்த நிலையம் ஊக்குவிப்பதில்லை. வங்கியும் அப்படித்தான். அடமானங்களை ஆயிரக்கணக்கில் ஒரே கட்டாகக் கட்டித்தான் விற்கிறோம். பிரித்துப் பார்த்தால் யார் வாங்குவார்கள்?"

வகுப்பு கைதட்டியது. சற்குணமும் தட்டினார், மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே.

பாடப் புத்தகத்தில் ஒரேயொரு சொல் மட்டும் கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் 'லிக்விடேஷன்' என்று தெரிந்தது. "எங்கள் வங்கிக்கு அது ஒருநாளும் தேவைப்படாது, அதனால் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்" என்றார் கிரிம்ஷோ. சற்குணத்துக்கு வருத்தமில்லை. அந்தச் சொல்லை அவருக்குப் பாரிஸிலேயே தெரியும். கடைக் கண்ணாடியில் 'லிக்கிடாஸியோன்' என்று எழுதியிருந்தால் எல்லாம் பாதி விலை. அவர்களுடைய பாரிஸ் வீட்டுத் தளபாடம் முழுவதும் கமலேஸ்வரி அந்தச் சொல்லைப் பார்த்து ஓடிப்போய் வாங்கியதுதான்.

மூன்றாம் வாரம் இலாபம் பற்றிய பாடம் வந்தது. அதற்கு இங்கிலீஷில் வேறு சொல் என்பதும், பெனிபிட் என்றால் என்ன என்பதும் அன்றைக்குத்தான் சற்குணத்துக்குத் தெரியவந்தது. காதிலிருந்து கழுத்துவரை கொதித்தது. ரயிலில் எதிரே இருந்தவர்களெல்லாம் தன்னைப் பார்த்தே சிரிப்பது போலப் பட்டது.

"கமலா, வங்கிக்காரனுக்கு முன்னால போய் இருந்து, பரம்பரை பரம்பரையா உதவிப்பணத்தில வாழ்ந்தனாங்கள், மூண்டாம் வருசம் மனிசியையும் அதில சேர்ப்பன், பிள்ளையையும் பழக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறன்!"

கமலேஸ்வரி தேத்தண்ணி சிந்தும்வரை சிரித்தாள். "அதுவும் கோட்டுப் போட்டுக்கொண்டு போய்!" என்று நினைத்து நினைத்துச் சிரித்தாள். சற்குணத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இப்படி ஒரு மடையன் தன் கடைக்கு வந்தால் தானே கடன் கொடுக்கமாட்டேன் என்பதையும் ஒப்புக்கொண்டார்.

திருத்திச் சொல்லலாம் என்று மறுநாள் வங்கிக்குப் போனார். பிளன்கெட் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சான்றிதழ் இல்லாதவர்கள் சொல்லும் நிதிச் சொற்களை நாங்கள் ஏற்பதில்லையே" என்றார்.

"அப்ப முதல் நான் சொன்னதை ஏற்றீர்களே?"

"அது உங்களுக்குப் பாதகமான சொல். அப்படிப்பட்டதற்குச் சான்றிதழ் தேவையில்லை."

பிளன்கெட் எழுதிய குறிப்பு எங்கெல்லாமோ சுற்றிக் கவுன்சிலுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாடுகளில் பதினாறு வருடம் உதவிப்பணம் எடுத்தவர், கடையும் திறக்கப்போகிறாராம் என்று விசாரிக்க ஒருநாள் பின்னேரம் ஓர் அம்மா வந்து கதவைத் தட்டினாள். அந்தச் சொல்லை இனி வாயில் எடுப்பதில்லை என்று சற்குணம் சபதம் செய்திருந்தார், ஆகவே உதட்டை இறுக்கிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். அது அந்த அம்மாவுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

அந்த நேரம்தான் கமலேஸ்வரி ஷிப்ட் முடிந்து, வேலைத்தல உடுப்போடு உள்ளே வந்தாள்.

"உங்கள் கணவருக்குப் பெனிபிட் உண்டா?" என்று கேட்டாள் அதிகாரி.

கமலேஸ்வரி கணவனை மேலும் கீழும் பார்த்தாள். "திஸ் மேன்? நோ பெனிபிட்! பாரிஸ் நோ பெனிபிட், லண்டன் நோ பெனிபிட். ஃபிஃப்டீன் இயர் மேரேஜ், நோ பெனிபிட். ஐ கோ வேர்க். ஹீ கோ கிளாஸ்."

அதிகாரி எழுந்து, கமலேஸ்வரியின் விறைத்த கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து ஒருமுறை அழுத்தினாள். அத்தோடு விசாரணை முடிந்தது.

"நீர் இங்கிலீஷ் கருத்தில சொன்னனீரோ, பிரெஞ்சுக் கருத்தில சொன்னனீரோ?" என்று பிறகு மெல்லக் கேட்டார் சற்குணம்.

"ரெண்டிலயும் உண்மைதானே" என்றாள் அவள்.

இதற்குப் பிறகாவது மனிதர் அடங்கியிருக்கலாம். அடங்கவில்லை. வேறு வழி தெரியாமல் படிப்பில் தீவிரமாக இறங்கினார், வகுப்பில் முதல் ஆளாகவும் ஆனார். நட்டம் என்று யாரும் சொன்னால் முகத்தைச் சுளித்தார், அதற்குப் பெயர் எதிர்மறை வளர்ச்சி. காசில்லை என்று சொல்லக்கூடாது, தற்காலிகத் திரவத் தட்டுப்பாடு என்று சொல்லவேண்டும். தெரியாது என்பதற்குச் சந்தையின் நிச்சயமின்மை. ஒருநாள் கமலேஸ்வரி வர முன் சோறு வைக்கிறேன் என்று அடுப்பில் ஏற்றிவிட்டுப் பாடத்தில் மூழ்கிவிட்டார். அவள் வந்தபோது வீடெல்லாம் புகை.

"சோறு எரியேல்லை கமலா" என்றார். "அதின்ர பெறுமதியை மீள்மதிப்பீடு செய்யவேண்டியிருக்கு."

"அப்ப அந்த மீள்மதிப்பீட்டை நீங்களே இருந்து தின்னுங்கோ" என்று பானையை அவருக்கு முன்னால் வைக்கப் போனாள். விரல்கள் பிடிகொடுக்கவில்லை. பானை நழுவித் தரையில் விழுந்து உருண்டது. அவள் குனிந்து பொறுக்கத் தொடங்கினாள். சற்குணத்துக்கு வெட்கமாக இருந்தது. அவரும் கீழே உட்கார்ந்து கருகிய சோற்றை அள்ளினார். அத்தனை வாரமாகச் சேர்த்த சொற்களில் ஒன்றுகூட அந்த நேரத்துக்கு உதவவில்லை.

வாய்மொழிப் பரீட்சை எடுக்க மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வங்கியின் சொந்த அறிக்கையிலிருந்தே ஒரு வரி கொடுத்தார்கள். மக்கள் வாங்கிய வீட்டுக் கடன்கள் திரும்பி வரவில்லை, வங்கியிடம் காசு தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதுதான் விஷயம். அதைப் பங்குக்காரர்கள் பயப்படாதபடி விளக்கவேண்டும்.

சற்குணம் தொண்டையைக் கனைத்தார். வாடிக்கையாளர்கள் எங்கள் மூலதனத்தோடு நீண்டகால உறவைப் பேண விரும்புகிறார்கள் என்று தொடங்கினார். எதிர்மறை வளர்ச்சி முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் வளர்கிறது என்றார். எங்கள் திரவநிலை இப்போது ஆவிநிலையை நோக்கி முன்னேறுகிறது என்று முடித்தார். என்ன சொல்கிறோம் என்று அவருக்கே தெரியாது. பரீட்சகர்கள் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் மட்டும் நிமிர்ந்து, "அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல முடியுமா? வெள்ளிக்கிழமை தலைவரின் உரை இருக்கிறது" என்றார்.

பரீட்சை முடிவு அதிவிசேட சித்தி. திங்கட்கிழமை நிலையத்துக்கு வந்து சான்றிதழையும் கடன் கடிதத்தையும் பெற்றுக்கொள்ளலாம் என்றார்கள். அது செப்டெம்பர் மாதம். சண்முகராசாவின் தவணைக்கு இன்னும் நாள் இருந்தது.

திங்கட்கிழமை கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். கண்ணாடிக் கட்டடத்தின் வாசலில் ஒரே சனம். கதவில் பெரிய எழுத்தில் அறிவித்தல். சற்குணம் எட்டி எட்டிப் பார்த்து ஒரு சொல்லைப் பிடித்துவிட்டார். உடனே ஃபோனை எடுத்தார்.

"கமலா! வங்கியில லிக்விடேஷன் போட்டிருக்கிறாங்கள்! ஓம், சத்தியமா! வட்டியும் அரைவாசியாத்தான் வரும் போல. நல்ல நேரம்தான் வந்திருக்கிறன்."

அப்போது டாக்டர் கிரிம்ஷோ ஒரு கடதாசிப் பெட்டியைச் சுமந்துகொண்டு வெளியே வந்தார். பெட்டிக்குள் ஒரு கோப்பையும் ஒரு பூச்செடியும். சற்குணம் சனத்தை விலக்கிக்கொண்டு ஓடினார்.

"சார், திஸ் லிக்விடேஷன், ஹவ் மச் பெர்சென்ட்?"

"நூறு" என்றார் கிரிம்ஷோ.

சற்குணம் விளங்காமல் நின்றார்.

"எல்லாம் போய்விட்டது, மிஸ்டர் சற்குணம். வங்கி செத்துவிட்டது. காசில்லை. எனக்கும் வேலையில்லை."

பன்னிரண்டு வாரத்தில் அந்த மனிதர் பேசியதில் சற்குணத்துக்கு முழுதாக விளங்கியது அதுதான். கிரிம்ஷோ பெட்டியைத் தரையில் வைத்து, அடியிலிருந்து சான்றிதழைத் தேடி எடுத்து, சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "சொற்களின் பெறுமதி" என்று ஏதோ தொடங்கினார். முடிக்கவில்லை. செடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொற்கள் வரிசையில் வந்து நின்றன. நிச்சயமின்மை, மீள்மதிப்பீடு, தற்காலிகத் தட்டுப்பாடு. கமலேஸ்வரி சுடுதண்ணிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் அந்தச் சொற்களை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"காசு கிடைக்காது கமலா. கடையும் இல்லை."

"விளங்குது" என்றாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு புருஷன் சொன்னது அவளுக்கு விளங்கியிருந்தது. ஆனால் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அழுதாள்.

ஆனால் கடை போகவில்லை. அதற்குச் சற்குணத்தின் கெட்டித்தனம் காரணமில்லை. நோர்பரிக்காரரும் கடன் கேட்டிருந்தது அதே வங்கியில்தான். அவர் வரவில்லை, வேறு யாரும் வரவில்லை. மாரிக் குளிர் தொடங்கியதும் சண்முகராசாவே வீடு தேடி வந்தார்.

"வாடகையைப் பிறகு பாப்பம் தம்பி, முதல் கடையைத் திறவுங்கோ. பூட்டிக் கிடக்கிற கடைக்கும் கவுன்சில் வரி கேக்கிறான்."

சாமான் வாங்கக் கமலேஸ்வரி தன் வேலைத்தலப் பெண்களோடு போட்டிருந்த சீட்டை எடுத்தாள். தளபாடத்துக்கு மட்டும் வழியில்லாமல் இருந்தது. அந்த நேரம் பார்த்து, வங்கியின் தட்டுமுட்டுச் சாமான்களை விற்கிறார்கள் என்று செய்தி வந்தது. எல்லாம் பாதி விலை. கமலேஸ்வரி முதல் ஆளாகப் போய் நின்றாள். சாமான் அடுக்கும் தட்டுகளும் சுழலும் தோல் கதிரை ஒன்றும் மனேஜரின் அறை ஹீட்டரும் வந்து இறங்கியபோது, "பாத்தீரோ, பிரெஞ்சுக் கருத்துத்தான் சரி" என்றார் சற்குணம். இந்த விஷயத்தில் மட்டும் யாராலும் அவரை மறுக்க முடியவில்லை.

அடுத்த வருடம் ஒரு மழை நாளில் பிளன்கெட் கடைக்கு வந்தார். கோட்டு கசங்கியிருந்தது. பாலும் பாணும் எடுத்துக்கொண்டு காசு கொடுக்க வந்தவர், கமலேஸ்வரி உட்கார்ந்திருந்த கதிரையைப் பார்த்தார். அவளுடைய காலடியில் எரிந்துகொண்டிருந்த ஹீட்டரைப் பார்த்தார். பிறகு சற்குணத்தைப் பார்த்தார்.

"எப்படி இருக்கிறீர்கள், சார்?" என்று கேட்டார் சற்குணம்.

"பெனிபிட்டில் இருக்கிறேன்" என்றார் பிளன்கெட், யாருக்கும் கேட்காதபடி.

சற்குணத்துக்கு இப்போது அந்தச் சொல்லின் அர்த்தம் நன்றாகத் தெரியும். தெரிந்தும், பதினாறு வருடப் பாரிஸ் நாக்கு முந்திவிட்டது. "வெரி குட், சார்!" என்று சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்தார். கமலேஸ்வரி தலையில் கைவைத்தாள்.

பிளன்கெட் கோபப்படவில்லை. காசைக் கமலேஸ்வரியின் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார். "உங்கள் கடை எப்படிப் போகிறது?"

சற்குணம் யோசித்தார். அதிவிசேட சித்தி பெற்ற சான்றிதழ் பின்னால் சுவரில்தான் தொங்கியது. அதிலிருந்து ஒரு சொல்லும் இறங்கி வரவில்லை.

"ஃபர்ஸ்ட் இயர்" என்றார், "ஸ்மோல் பெனிபிட்."

பிளன்கெட் தலையை ஆட்டினார். இந்த முறை அவருக்கு விளங்கியிருந்தது.

"எனக்கும் ஸ்மோல்தான்" என்று சொல்லி, பாணை மழையில் நனையாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார்.